வாரம் ஒரு நாள் கடை சாத்துவது எப்படி: எல்லைப் பக்கம் தொழில் செய்பவர்களுக்கு

இரவு பதினொன்றரை மணிக்கு ஈ-வே பில் (வண்டியில் சரக்கு அனுப்ப இணையத்தில் போடும் சீட்டு) போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் பின்பற்றாவிட்டாலும் இதை மட்டுமாவது கேளுங்கள்.

எனக்குப் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில், கோபாலபுரம் எல்லையை ஒட்டித் தேங்காய் எண்ணெய் ஆலை. முன்னால் சில்லறைக் கடை, பின்னால் செக்கு, பக்கத்தில் கொப்பரைக் களம். எண்ணெயில் முக்கால்வாசி கேரளத்துச் சித்தூர், பாலக்காடு, திருச்சூர் கடைகளுக்குப் போகும். பதினோரு வருடம் ஒரு நாள்கூடச் சாத்தாமல் நடத்தினேன். பொங்கலுக்கும் பாதி ஷட்டர் திறந்திருக்கும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி, வழக்கமான வண்டி பஞ்சர் என்று வேறு வண்டி வந்தது. தூக்கக் கலக்கத்தில் பில்லில் பழைய வண்டி எண்ணையே போட்டு அனுப்பிவிட்டேன். வண்டியைச் சோதனையில் நிறுத்தினார்கள். சரக்கின் மதிப்பு 2 லட்சம், 5 சதவீத வரி 10,000, அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, 20,000. வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்து பிசகியிருந்தால் சின்னத் தவறு என்று ஆயிரம் ரூபாயோடு விடுவதற்கு 2018-லேயே சுற்றறிக்கை இருக்கிறது. எண்ணே வேறாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. தவறு என்னுடையது, யார் மேலும் வருத்தமில்லை. கொடுமை என்னவென்றால், வண்டி கிளம்பிய பிறகும் போனிலேயே அந்த எண்ணை மாற்றியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. சரிபார்க்கத்தான் யாருக்கும் தெம்பில்லை.

அன்றைக்குத்தான் வேகத்தைக் குறைப்பது என்று முடிவெடுத்தேன். சொல்வது சுலபம். அது படியவே ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆகிவிட்டது. ‘இனிமேல் நிதானமாக இருப்பேன்’ என்று சபதம் எடுத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. உங்கள் கையெழுத்தும் உங்கள் போனும் உங்கள் ஓடிபியும் இல்லாமல் எந்தெந்த வேலை நடக்கும் என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும், சரியான மாதம் பார்த்துத் தொடங்க வேண்டும். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. பதினான்கு நாள் நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். செயலியெல்லாம் வேண்டாம், போனை எடுத்தால் வாட்ஸ்அப்புக்குள் போய்விடுவீர்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதுங்கள்: மணி என்ன, என்ன வேலை, நீங்கள் இல்லாவிட்டால் நின்றிருக்குமா. மூன்றாவதுதான் முக்கியம். எழுதும்போது பொய் சொல்லத் தோன்றும். எல்லாமே நம்மால்தான் நடக்கிறது என்று நினைப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே.

கூடவே பில் புத்தகத்தை எடுத்து, மணிவாரியாக விற்பனையைக் கூட்டுங்கள். கம்ப்யூட்டர் பில் என்றால் பத்து நிமிடத்தில் முடியும். என் கடை இரவு பத்து வரை திறந்திருக்கும். எட்டரைக்கு மேல் வந்த விற்பனையைக் கூட்டிப் பார்த்தால், அந்த நேரத்து ஆள் கூலிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போயிருந்தது. பதினோரு வருடம் ராத்திரிச் சாப்பாட்டை ஆறவைத்துத் தின்றதெல்லாம் இதற்குத்தானா என்று ஆகிவிட்டது.

செலவு: நோட்டு 30 ரூபாய். காலம்: இரண்டு வாரம். ஓணம், தீபாவளி வாரங்களில் எழுதாதீர்கள், கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

2. ஒரு மாதச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள்

பணம் கையில் இல்லாதவன் நிதானமாக முடிவெடுக்க முடியாது. வாடகை, கூலி, கரண்டு, வங்கித் தவணை, வண்டி வாடகை, இவ்வளவையும் கூட்டுங்கள். கொள்முதலைச் சேர்க்க வேண்டாம். அந்தத் தொகை ஒரு மாதத்துக்கு வேறு கணக்கில் இருக்க வேண்டும். நடப்புக் கணக்கிலேயே வைத்தால் கொப்பரை விலை இறங்கிய அன்று அதுவும் கொப்பரையாகிவிடும். என் முதல் முயற்சி அப்படித்தான் போயிற்று. வங்கியில் குறுகிய கால வைப்பாகப் போட்டுவிடுங்கள். எடுக்கப் போகும்போது ஒரு தடவையாவது யோசிப்போம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் இதற்கே இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

3. கொள்முதலில் இருந்து ஆரம்பியுங்கள்

இது என் தொழிலுக்கானது. உங்கள் தொழிலிலும் இதற்கு இணையான ஒன்று இருக்கும், தேடுங்கள்.

நல்ல கொப்பரையில் ஈரம் 6 சதவீத அளவில் இருக்க வேண்டும். வெயில் நன்றாக அடித்தால் ஒரு வாரம் காயும். ஆர்டர் நெருக்கும்போது இரண்டு நாள் முன்னாலேயே அள்ளத் தோன்றும், விற்பவரும் ‘காஞ்சிருச்சுங்’ என்பார். ஒரு துண்டைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். காய்ந்தது டக்கென்று முறியும், முறிந்த இடம் வெளுப்பாகப் பளபளக்கும். காயாதது வளையும், பிறகு நார் பிரிந்ததுபோல் பிய்யும், விரலில் ஈரப் பிசுபிசுப்பு ஒட்டும். அந்தக் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் கலங்கி வரும், தெளிய நாளாகும், சீக்கிரம் காறும். மூட்டையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அவசரத்தில் அள்ளிய ஒரு லோடில், டின்னை திறந்த பாலக்காட்டுக் கடைக்காரர் மூக்கைச் சுளித்துத் திருப்பி அனுப்பினார். போக வர வண்டி வாடகை, மறுபடி வடிகட்டும் கூலி, அந்த எண்ணெயை விளக்கேற்றும் எண்ணெய் விலைக்குத் தள்ளிய நட்டம். இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் பத்து நாள் போயிற்று. இப்போது களத்தில் ஒரு விதி: வளைந்த துண்டு ஒன்று இருந்தாலும் மூட்டை கட்டக் கூடாது. இந்த விதியை நான் இல்லாதபோதும் ஆட்கள் பார்த்துக்கொள்ள முடியும். கண்ணால் பார்த்துத் தெரிகிற விதிதான் கை மாறும்.

4. ஜிஎஸ்டியை மாதக் கணக்கிலிருந்து காலாண்டுக்கு மாற்றுங்கள்

எனக்கு அதிக நிம்மதி தந்த படி இதுதான். பலர் தவறும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முந்தைய நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால், விற்பனைப் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, வரிக் கணக்கைக் காட்டும் 3பி இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். க்யூஆர்எம்பி என்று பெயர், 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. எனக்குத் தெரிந்தபோது மூன்று வருடம் ஓடிவிட்டது. ஆடிட்டர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ‘நீங்க கேக்கலையே’ என்றார்.

எப்படி மாறுவது: ஜிஎஸ்டி தளத்தில் சர்வீசஸ், ரிட்டர்ன்ஸ், அதற்குள் காலாண்டு ரிட்டர்னுக்கு விருப்பம் தெரிவிக்கும் பக்கம் இருக்கும். தனி ஆவணம் எதுவும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. கடைசியாகத் தாக்கல் செய்ய வேண்டிய 3பி பாக்கியில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது மாறுவது: இதில்தான் கோட்டை விடுவார்கள். ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு என்றால் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை. ஜூலை–செப்டம்பருக்கு மே 1 முதல் ஜூலை 31 வரை. அக்டோபர்–டிசம்பருக்கு ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை. ஜனவரி–மார்ச்சுக்கு நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. தேதி தாண்டினால் அடுத்த காலாண்டு வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை மாறிவிட்டால் ஒவ்வொரு காலாண்டும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நடுவில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் அடுத்த காலாண்டிலிருந்து மாதக் கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

வரி மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்கும் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பிஎம்டி-06 சலான். நிலைத் தொகை முறையை எடுத்துக்கொண்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை: முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதம், தளமே நிரப்பிக் கொடுக்கும். மாதக் கணக்கிலிருந்து புதிதாக மாறுபவருக்கு முதல் காலாண்டில் மட்டும், முந்தைய காலாண்டின் கடைசி மாதத்தில் கட்டிய தொகை முழுதும் வரும். அதைப் பார்த்து நான் பதறி ஆடிட்டரை எழுப்பினேன். நீங்கள் எழுப்ப வேண்டாம். 25-ஐத் தாண்டினால் 18 சதவீத வட்டி. காலாண்டு முடிந்ததும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள், 3பி நம் ஊருக்கும் கேரளத்துக்கும் 22-ஆம் தேதிக்குள்.

இனி எல்லைக்காரர்களுக்கான இரண்டு பொறிகள்.

ஒன்று, வாங்குகிறவரின் உள்ளீட்டு வரி, அதாவது நம் பில்லில் கட்டிய வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வரவு. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்லைக் காட்டினால், பாலக்காட்டுக் கடைக்காரருக்கு அந்த மாதம் வரவு கிடைக்காது. அவர் உங்களை விட்டுவிட்டு வேறு ஆலைக்குப் போவார். அதற்கு ஐஎஃப்எஃப் என்ற வசதி இருக்கிறது: முதல் இரண்டு மாதமும், அடுத்த மாதம் 1 முதல் 13 வரை, ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் வியாபாரிகளுக்குப் போட்ட பில்களை மட்டும் ஏற்றலாம், மாதம் 50 லட்சம் மதிப்பு வரை. 14-ஆம் தேதி அவருடைய வரவுப் பட்டியலான 2பி-யில் தெரிந்துவிடும். 13 தாண்டினால் அந்த மாதக் கதவு மூடிவிடும். நான் முதல் மாதமே தாண்டினேன். சித்தூர் வியாபாரி காலையில் கடைக்கு நேரிலேயே வந்து நின்றார். காபி கொடுத்துத்தான் சமாதானப்படுத்த முடிந்தது.

இரண்டு, ‘காம்போசிஷனுக்குப் போயிருங்க, ஒரு சதவீதம் கட்டினா போதும், தொல்லையே இல்ல’ என்று யாராவது சொல்வார்கள். சரக்கு விற்பவருக்கு வருட விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை அந்த எளிய வரித் திட்டம் உண்டு, உண்மைதான். ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. நமக்கு வெளிமாநிலம் என்பது டீக்கடைக்கு அடுத்த தெரு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கு ஒரு டின் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். எல்லைப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் ஆளே வேண்டாம் என்று இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

5. கையெழுத்தைப் பிரித்துக் கொடுங்கள்

ஓய்வு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. நானும் வைத்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். சரியான வழிகள் இருக்கின்றன, செலவும் பெரிதில்லை.

ஈ-வே பில்: தளத்தில் யூசர் மேனேஜ்மென்ட் பகுதியில் துணைப் பயனர் உருவாக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் உள்நுழைய ஓடிபி கட்டாயம். முன்பெல்லாம் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனால் போதும், இப்போது ஓடிபி உங்கள் போனுக்கு வரும், நீங்கள் சினிமாவில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அதனால் கணக்குப் பார்க்கிறவருக்கு அவருடைய போன் எண்ணிலேயே துணைக் கணக்கு போட்டுக் கொடுங்கள். பில் போடுவதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். அவர் வேலையை விட்டால் அன்றைக்கே முடக்கிவிடுங்கள்.

மறக்கக் கூடாத கணக்கு: மாநிலம் தாண்டும் சரக்கு 50,000-க்கு மேல் என்றால் பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. வண்டி மாறினால் பகுதி ‘பி’-யில் எண்ணை மாற்றலாம். பில்லையே ரத்துசெய்ய 24 மணி நேரம் உண்டு. இந்த நான்கையும் அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடைசி வரி சிவப்பில்: ‘வண்டிக்கு முன்னால் போய் நின்று எண்ணைப் படி.’

வங்கி: உங்கள் நடப்புக் கணக்கில் இன்னொருவர் செயல்பட அனுமதிக் கடிதம் கேட்பார்கள். அவருடைய ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். இணைய வங்கியில், ஒருவர் பணப் பரிமாற்றத்தைத் தயார் செய்து மற்றவர் ஒப்புதல் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொழில் கணக்குகளுக்குக் கேட்டு வாங்கலாம். எனக்கு இதுதான் பொருந்தியது. கடையில் தங்கச்சி தயார் செய்து வைக்கும், நான் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் மொத்தமாகப் பார்த்து ஒப்புதல் கொடுப்பேன். நாளெல்லாம் டிங் டிங் என்று போன் அடிப்பது நின்றது. ஏற்பாடு முடிய மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் நான் ஒரு கையெழுத்தை மாற்றிப் போட்டதால்.

தொழிலுக்குத் தனி சிம் வாங்கி, அந்தப் போன் கடையிலேயே கிடக்கட்டும். ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் பதிவான எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். பலருடைய கணக்கில் ஆடிட்டர் அலுவலக எண்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்தது கடைசியில் தெரியவருபவர் முதலாளியாகத்தான் இருப்பார்.

6. கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

பணியாளுக்கு வார விடுமுறை கொடுக்க வேண்டும் என்று இரண்டு மாநிலக் கடைச் சட்டமும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1947-ஆம் வருடச் சட்டம், கேரளத்தில் 1960. நாள் முழுக்க நிற்காமல் உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் நாம் 2021-லும் சேர்த்தோம். நாற்காலி போட்டது பணியாளுக்கு, முதலாளிக்கு யாரும் சட்டம் போடவில்லை, அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் ஞாயிறு என்பார்கள். எனக்கு ஞாயிறு சரிவரவில்லை. ஆனைமலைக்கும் ஆழியாருக்கும் போகிறவர்கள் அன்றைக்குத்தான் காரை நிறுத்தி எண்ணெய் வாங்குவார்கள். நோட்டில் விற்பனை குறைந்த நாள் புதன். வெறும் ஊகத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள், முதல் படியில் போட்ட கணக்கைத் திறந்து பாருங்கள்.

பலகையை இரண்டு மொழியிலும் வையுங்கள். மலையாளத்தில் விடுமுறைக்கு ‘அவதி’ என்று பெயர். பலகையைப் பார்த்த சித்தூர் வியாபாரி, ‘எந்தா அண்ணா, புதனாழ்ச்ச அவதியோ?’ என்று கேட்டார். முதல் மூன்று வாரம் எனக்கு இரண்டு மொழியிலும் அவதிதான். பத்து மணிக்குச் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போய், சாத்திய ஷட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கடை திறந்திருக்கிறது என்று நினைத்து நாலு பேர் வந்துவிட்டார்கள், திறந்து கொடுத்தேன். இந்தத் தவறைச் செய்யாதீர்கள். முதல் மாதம் அன்றைக்கு ஊரிலேயே இருக்காதீர்கள்.

பெரிய செலவு இங்கேதான் வரும், சொல்லிவிடுகிறேன். எங்கள் களத்தில் நான்கு பேர் தினக்கூலி. நான் கிழமையை அறிவித்த அன்று களத்து மூத்தவர் பக்கத்தில் வந்து நின்றார்.

‘ஏனுங்க, உங்களுக்கு லீவுங்க. எங்களுக்கு ஒரு நாள் கூலி போவுதுங்களே.’

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம். என் நிம்மதிக்கு அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பேசிப் பேசி, புதன்கிழமைக்குப் பாதிக் கூலி, மற்ற நாளில் அரை மணி முன்னால் வேலை தொடக்கம் என்று முடிவானது. பிறகு ஆறு மாதத்தில் முழுக் கூலியாக மாற்றினேன். எங்கிருந்து பணம் வந்தது என்பது அடுத்த படியில். இந்தப் பேச்சைக் கிழமை அறிவிப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டாம்.

7. வாடிக்கையாளரிடம் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள்

நான் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: ‘அடுத்த மாதம் முதல் புதன் விடுமுறை. ஆர்டர் மாலை 4 மணிக்குள். திங்கள், வெள்ளி வண்டி வரும். அவசரச் சரக்கு வேண்டுமானால் வண்டி வாடகை தனி.’ தமிழிலும் மலையாளத்திலும் அனுப்பினேன், நேரில் போய் ஐந்து பேரிடம் சொன்னேன். பெரிய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்வது மரியாதை இல்லை.

முன்பு வாரம் நான்கு நடை போகும். பாதி வண்டிக்குக் காற்றைத்தான் ஏற்றி அனுப்பினோம். யாராவது போன் போட்டால் உடனே அனுப்புவது தொழில் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். திருச்சூர் போய்வர ஒரு நடைக்கு 4,500 ரூபாய் வாடகை. இப்போது இரண்டே நடை, இரண்டும் நிறைந்து போகிறது. வாரம் 9,000, மாதம் 36,000 மிச்சம். களத்துக் கூலி இதிலிருந்துதான். சரக்கு ஒரு டின்கூடக் குறையவில்லை.

இரண்டு கடைகள் போய்விட்டன. இரண்டுமே ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் சொல்லி, பணத்தை மூன்று மாதம் இழுப்பவை. ஒன்று திரும்பி வந்தது, பழைய பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் சரக்கு என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் இருந்தது.

பொறி: ‘அவசரத்துக்கு வாடகை தனி’ என்பதை முதல் தடவையே வாங்கிவிடுங்கள். பழகிய முகம் என்று ஒருமுறை விட்டால் அப்புறம் அந்த வரிக்கு மதிப்பில்லை.

8. உடம்பையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்

இதை நீட்ட விரும்பவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொன்னார்கள். என் நோட்டைக் கூட்டினால் வாரம் 96 மணி நேரம் வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், முதல் புதன்கிழமையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாத்திரை எழுதினார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் வந்திருக்கலாமே என்று மருத்துவர் கேட்டார். கடை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

9. எந்த மாதம் தொடங்குவது

தேங்காய் எண்ணெய்க்கு ஓணம் முடிந்த மறு வாரம் நல்லது. கேரளத்து ஆர்டர் தானாகவே ஓய்ந்திருக்கும். அப்போது தொடங்கினால் அக்டோபர் 31-க்குள் ஜிஎஸ்டி மாற்றத்தையும் முடித்துவிடலாம், இரண்டும் ஒன்றாக அமையும். ஆடியில் தொடங்காதீர்கள். கணவாய்க் காற்றும் சாரலுமாகக் களம் காயாது, வேலை மந்தமாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் ஓண ஆர்டர் கடைசி வாரத்தில் வந்து குவியும். நான் முதல் தடவை ஆடியில் தொடங்கித்தான் ஆவணியில் கைவிட்டேன். காய்கறி, மரம், ஜவுளி செய்பவர்களுக்கு வேறு மாதம் வரும். உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறது.

மொத்தச் செலவு எனக்கு: பலகைக்கு 1,800, இரண்டாவது போனும் சிம்மும் 9,000, ஆடிட்டருக்குக் கூடுதலாக ஒன்றுமில்லை, முதல் ஆறு மாதம் புதன் கூலி மாதம் சுமார் 6,000. அதோடு போன இரண்டு கடைகளின் வியாபாரம், அதை நட்டம் என்று எழுதுவதா என்பதில் எனக்கும் வீட்டுக்காரிக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரம் புதனும் கடை திறந்திருக்கும், ஆட்களுக்கு மாற்று விடுப்பும் உண்டு. இதையும் பலகையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் நான் திறந்ததைப் பார்த்த சித்தூர்க்காரர், அடுத்த மாதப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வண்டியோடு வந்து ஷட்டரைத் தட்டினார்.